நெடுநடைக்குச் சாக்ஸ்: பாதயாத்திரை போகிறவர்களும் ஆற்றங்கரை நடக்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறந்தநாள் விழா. அந்த நாட்களில் தஞ்சாவூர், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று சாலை நெடுக ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். சமயபுரத்துக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கும் நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் தனி. இப்போது கல்லணையில் தொடங்கிக் காவிரிக் கரையோடு பூம்புகார் வரை நடக்கும் இளைஞர் கூட்டமும் சேர்ந்திருக்கிறது. நானும் நடப்பவன். நடக்காத நாட்களில் வழிப் பந்தலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலுக்கு மருந்து போட்டுக் கட்டிவிடுவேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஷூ நல்லா இருந்தா போதாதா? சாக்ஸ்ல என்னங்க இருக்கு?

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் தானே கிடைத்துவிடும். அடி வைக்கும்போது பாதத்தின் எலும்பு உள்ளே லேசாக முன்னும் பின்னும் நகர்கிறது. வெளித்தோல் மட்டும் ஷூவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தோலடுக்கு இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் பிரிந்து போகிறது. அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 அடி வைக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தனை அடிக்கும் இந்த இழுபறி நடக்கிறது.

தோல் படவேண்டிய தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்வது சாக்ஸின் முதல் வேலை. தோலில் ஈரம் தங்காமல் பார்ப்பது இரண்டாவது. ஈரமான தோல் ஷூவோடு இன்னும் இறுக்கமாக ஒட்டும், சீக்கிரம் பிரியும். நம் டெல்டாவில் முதல் வேலையைவிட இரண்டாவதுதான் பெரிது. ஆகஸ்ட் கடைசியில் வெயிலும் இருக்கும், காற்றில் ஈரமும் இருக்கும், சாயங்காலம் ஒரு மழையும் அடிக்கும். கீழே நான் சொல்லப்போகும் பதில்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்த ஈரத்திடம்தான் வந்து நிற்கும்.

வீட்ல பருத்தி சாக்ஸ் இருக்கு. பருத்தி வேர்வையை நல்லா உறிஞ்சுமே, அது போதாதா?

உறிஞ்சும், உண்மைதான். உறிஞ்சிய பிறகு என்ன செய்கிறது என்பதுதான் சிக்கல். பருத்தி நூல் ஈரத்தை வாங்கி ஊறிக்கொண்டு, காயாமல் அப்படியே வைத்திருக்கும். நனைந்த பருத்தி தன் உப்பலை இழந்து தட்டையாகிச் சுருங்கி மடிப்பு விழும். இரண்டு மணி நேர நடையில் உங்கள் பாதம் ஓர் ஈரத் துணிக்குள் வெந்துகொண்டிருக்கும். நடவு முடித்துக் கரையேறும் பெண்களின் கால்விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஷூவுக்குள் அதே நிலைமைதான். அந்தத் தோலில் கொப்புளம் வர அதிக நேரம் ஆகாது.

அரை மணி, ஒரு மணி நேர நடைக்குப் பருத்தி தாராளமாகப் போதும். பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் அதுவே நல்லது. நாள் முழுக்க நடப்பதென்றால் நூறு சதவீதப் பருத்தியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பருத்தி சரியாக வரும் ஓர் இடமும் உண்டு. அதை வெறுங்கால் கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ எந்த நூல்? அட்டையில என்ன எழுதியிருக்கணும்?

சாக்ஸ் அட்டையில் நூல் கலவை சதவீதமாகப் போட்டிருக்கும். அது இல்லாத சாக்ஸை நெடுநடைக்கு வாங்கவேண்டாம். பாலியஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட வாங்குவதே இல்லை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் எட்டு சதவீத ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்றால், நைலான் நான்கு, பாலியஸ்டர் ஒன்றுக்கும் கீழே. அதனால் பாலியஸ்டர் சீக்கிரம் காயும். நைலான் உழைப்புக்குப் பேர்போனது. குதிகாலும் பெருவிரலும் படும் இடத்தில் நைலான் இல்லாவிட்டால் எந்த சாக்ஸும் ஓட்டையாகிவிடும். ஸ்பான்டெக்ஸ், எலாஸ்டேன், லைக்ரா என்று மூன்று பெயரில் போட்டிருப்பது ஒரே பொருள்தான். சாக்ஸ் காலோடு பிடித்து நிற்க அது இரண்டு முதல் ஐந்து சதவீதம் இருந்தால் போதும்.

டெல்டாவின் சாலை நடைக்கு என் தேர்வு பாலியஸ்டரும் நைலானும் கலந்த மெல்லிய விளையாட்டு சாக்ஸ். ஓட்டப் பயிற்சிக்கு என்று விற்பார்கள். பருத்தி கலந்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'காட்டன் ரிச்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஆசையாக எடுப்பவர்கள் நிறைய. நெடுநடைக்கு அது தேவையில்லாத பெருமை.

மெரினோ மெரினோங்கிறாங்க, அது கம்பளியாச்சே. தஞ்சாவூர் வெயில்ல கம்பளியா?

மெரினோ என்பது ஒரு செம்மறியாட்டு இனம். அதன் ரோமம் மிக மெல்லியது, நம்மூர்க் கம்பளி போலக் குத்தாது, அரிக்காது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அப்போதும் தோலில் படும் பக்கம் சொதசொதவென்று இருக்காது, உப்பலும் குறையாது. நாற்றமும் பாலியஸ்டரைவிட வெகுவாகக் குறைவு. மெல்லிய மெரினோ வெயிலிலும் நன்றாகவே இருக்கும். சந்தேகப்பட்டவர்கள் போட்டு நடந்த பிறகு மாற்றிப் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முழுக்க நனைந்துவிட்டால் மெரினோ காய நேரம் எடுக்கும். நாகப்பட்டினம் பக்கத்து ஈரக் காற்றில் இன்னும் தாமதமாகும். விலையும் அதிகம். ஒரு ஜோடி மெரினோ வாங்கும் காசில் நல்ல பாலியஸ்டர் கலவை நாலைந்து ஜோடி வரும். நம் ஊரில் ஒரு விலையுயர்ந்த ஜோடியைவிட மாற்றிப்போட மூன்று சுமாரான ஜோடி காலைக் காப்பாற்றும். இரண்டுக்கும் காசிருந்தால் மெரினோ வாங்குங்கள், தடுக்கவில்லை. 60 முதல் 70 சதவீதம் மெரினோ, மிச்சம் நைலானும் கொஞ்சம் எலாஸ்டேனும் என்ற கலவையைத் தேடுங்கள். நூறு சதவீத மெரினோ சீக்கிரம் தேய்ந்துபோகும்.

மூங்கில் சாக்ஸ்னு விக்கிறாங்களே?

மூங்கிலைக் கரைத்து எடுக்கும் விஸ்கோஸ் நூல் அது. தொட்டால் குளிர்ச்சியாக, மெத்தென்று இருக்கும். ஈரத்தைப் பருத்தியைவிட அதிகம் குடிக்கும், நனைந்தால் நூலின் வலுவும் பாதி போய்விடும். வீட்டுக்குள் போட நல்லது, நடைக்கு வேண்டாம்.

தடிமனா இருந்தா மெத்துனு இருக்குமே அண்ணே, ஏன் மெல்லிசு மெல்லிசுங்கிறீங்க?

தடிமனான சாக்ஸில் சூடு கூடும், வேர்வை கூடும், காய நேரமும் கூடும். முதல் கேள்வியில் சொன்ன ஈரப் பிரச்சினையை நாமே காசு கொடுத்து வாங்குவது போலாகிவிடும். இன்னொன்று, வழக்கமான ஷூவுக்குள் தடி சாக்ஸ் போட்டால் விரல்கள் நெருக்கும். பத்து இருபது கிலோமீட்டர் தாண்டியதும் பாதம் வேறு வீங்கும். விரல் நகம் கறுத்து விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நடுவழி ஒன்று உண்டு. குதிகாலிலும் விரல் முனைக்குக் கீழும் மட்டும் உட்பக்கம் துண்டுத்துணி போலச் சுருள் நூல் வைத்து, மேல்பாதத்தில் வலை மாதிரி மெல்லிசாக நெய்த சாக்ஸ் கிடைக்கிறது. மெத்து வேண்டிய இடத்தில் மெத்து, காற்று வேண்டிய இடத்தில் காற்று. தார்ச்சாலையில் நாள் முழுக்க நடப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

கடையில கையில எடுத்துப் பார்த்தே நல்ல சாக்ஸ்னு கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் உள்ளே கைவிட்டுப் புறம் திருப்பி, விரல் முனைத் தையலைத் தடவிப் பாருங்கள். கயிறு போலப் புடைத்து நின்றால் வைத்துவிடுங்கள். அந்தப் புடைப்பு சுண்டுவிரல் மேல் உட்கார்ந்து, நாற்பதாயிரம் அடி தேய்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தட்டையாக, தடவினால் தெரியாத அளவுக்கு இருக்கவேண்டும்.

அடுத்தது குதிகால். சாக்ஸைக் கீழே தட்டையாக வைத்தால் குதிகால் இடத்தில் பை போல ஒரு வளைவு தெரிய வேண்டும். வெறும் குழாயாக நேராக இருந்தால் அது நடக்க நடக்க வழுக்கிக் கீழே இறங்கி, உள்ளங்காலில் மடிந்து கிடக்கும். அப்புறம் கையை உள்ளே விட்டு விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். குதிகாலிலும் பெருவிரல் பக்கமும் நெசவு நெருக்கமாகத் தெரியவேண்டும், வெளிச்சம் பொத்தல் பொத்தலாக வந்தால் உழைக்காது. கடைசியாக மேல் பட்டையை இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்குத் திரும்பினால் சரி. பாதத்தின் நடு வளைவில் ஒரு எலாஸ்டிக் பட்டை சுற்றி வந்திருந்தால் இன்னும் நல்லது, சாக்ஸ் சுழலாமல் பிடித்துக்கொள்ளும்.

ஃப்ரீ சைஸ்னு போட்டிருக்கு, எல்லாருக்கும் பொருந்தும்னு கடைக்காரர் சொல்றாரே?

யாருக்கோ நன்றாகப் பொருந்தும், மிச்சப் பேருக்கு ஒப்பேறும். ஒரு மணி நேரத்துக்கு அது பரவாயில்லை. பெரிதானால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் உறுதி. சிறிதானால் குதிகால் பை பாதத்துக்குக் கீழே இழுபட்டு, விரல்கள் முன்னால் மடங்கும். ஷூ அளவு போட்ட சாக்ஸாக, உதாரணமாக 6-8, 9-11 என்று பிரித்து விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். பெண்கள் நிறையப் பேர் ஆண்கள் அளவு சாக்ஸோடு வந்து நிற்பதைப் பார்க்கிறேன். கடையில் சின்ன அளவைக் கேட்டு வாங்குங்கள் அக்கா, எடுத்து வைத்திருக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஷூ வாங்கப் போகும்போது நடக்கப்போகும் சாக்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கவேண்டும். சாயங்காலமாகப் போனால் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும்.

கணுக்காலோட நிக்கிற சாக்ஸா, மேல வர்றதா?

ஷூவுக்குள் மறைந்துபோகும் அளவுக்குக் குட்டையான சாக்ஸ் எந்த நடைக்கும் ஆகாது. குதிகாலில் இறங்கிவிடும். வேளாங்கண்ணிச் சாலையில் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வந்தால் போதும். ஷூவின் விளிம்பு தோலில் படக்கூடாது, அதுதான் கணக்கு.

காவிரிக் கரை, கொள்ளிடக் கரை என்றால் கெண்டைக்காலில் பாதி வரை வருவதைப் போடுங்கள். நெருஞ்சி, நாயுருவி, காட்டாமணக்குக் குச்சி, கருவேல முள் எல்லாம் கரையில் காத்திருக்கும். குறுவை அறுப்பு நேரத்தில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்கள். வைக்கோல் சுணை சாக்ஸுக்குள் போனால் அரிப்பு தாங்காது. கொள்ளிட மணல் இன்னொரு தொல்லை. நாலு மணல் உள்ளே போனது தெரிந்தால் அடுத்த ஊர் வரட்டும் என்று நடக்காமல், அங்கேயே நின்று உதறிவிடுங்கள். மணல் உள்ளே இருந்தால் சாக்ஸும் தேயும், தோலும் தேயும்.

எத்தனை ஜோடி எடுத்துட்டுப் போகணும்?

மூன்று. காலில் ஒன்று, பையின் மேல் காய்வது ஒன்று, பிளாஸ்டிக் பைக்குள் நனையாமல் ஒன்று. நாலு நாள் நடை என்றாலும் இது போதும்.

எல்லாக் கேள்விகளிலும் நான் மனசார வலியுறுத்துவது இதைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வேர்த்துக் கொட்டும் நாளில் ஒன்றரை மணிக்கு ஒரு முறை, ஷூவைக் கழற்றி உட்காருங்கள். சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைத் துண்டால் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். காய்ந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு, ஈர ஜோடியை இரண்டு ஊக்கால் பையின் வெளியே குத்திவிடுங்கள். மெல்லிய பாலியஸ்டர் கலவை என்றால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும். மெல்லிய சாக்ஸ் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஷூவின் உள்ளட்டையையும் உருவி வெயிலில் வையுங்கள், பாதி ஈரம் அதில்தான் இருக்கிறது.

பாதுகாத்துவைத்த மூன்றாவது ஜோடியை நடக்கப் போடாதீர்கள். ராத்திரி தங்கும் இடத்தில் காலைக் கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகு, கொசுக்கடிக்கும் குளிருக்கும் அதைப் போட்டுப் படுங்கள். காலையில் பாதம் பழைய நிலைக்கு வந்திருக்கும்.

நான் நின்னு சாக்ஸ் மாத்திக்கிட்டிருந்தா குழு முன்னாடி போயிடுமே?

குழுவோடு கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். டீ குடிக்க, பந்தலில் மோர் வாங்க என்று எப்படியும் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் முதல் வேலையாக ஷூவைக் கழற்றுங்கள், டீயை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். தலைவர் வயசானவராக இருந்து, "அதெல்லாம் எங்க காலத்துல இல்ல" என்றால், மரியாதையாக அவர் ஷூவையும் ஒரு முறை கழற்றிக் காலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிறுத்தத்தில் அவரே எல்லோரையும் கழற்றச் சொல்வார்.

ஒன்னு மேல ஒன்னா ரெண்டு சாக்ஸ் போடலாமா?

போடலாம், முறையாகப் போட்டால். உள்ளே மெல்லிய, வழவழப்பான நைலான் அல்லது பாலியஸ்டர் சாக்ஸ், காலோடு ஒட்டி நிற்கவேண்டும். மேலே வழக்கமான நடை சாக்ஸ். உராய்வு இரண்டு துணிக்கும் நடுவில் நடந்துவிடும், தோல் தப்பிக்கும். பருத்தி மேல் பருத்தி போட்டால் ஒரு பலனும் இல்லை, சூடுதான் மிச்சம். ஷூவில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு அடுக்கையும் சேர்த்தே நெய்த சாக்ஸ்கூட விற்கிறார்கள்.

விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. விரல் இடுக்கில் கொப்புளம் வருகிறவர்களுக்கும், ஒரு விரல் மேல் இன்னொன்று ஏறி நிற்கும் பாதக்காரர்களுக்கும் அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் துணி வந்துவிடுவதால் தோலும் தோலும் உரசாது. சேற்றுப்புண் அடிக்கடி வருகிறவர்களுக்கும் ஏற்றது.

செருப்பு போட்டுத்தான் நடப்பேன். அதோட சாக்ஸ் தேவையா?

பின்வார் உள்ள சாண்டல் என்றால் மெல்லிய சாக்ஸ் போடுங்கள். வார் உரசும் இடங்களும் குதிகால் வெடிப்பும் தப்பும். ஒரு வசதி, காற்று வருவதால் ஈரம் ஷூவைப் போலத் தங்காது. நம் வெயிலுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ரப்பர் செருப்பில் அறுபது எழுபது கிலோமீட்டர் நடப்பதை நான் ஏற்கமாட்டேன். அதைப் பிடித்துக்கொள்ள விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அப்படித்தான் நடப்பேன் என்றால், மேலே சொன்ன விரல் சாக்ஸ்தான் அந்த வாருக்குச் சரிப்படும்.

வெறுங்காலோட வர்றதா வேண்டுதல். சாக்ஸ் மட்டும் போட்டுக்கிட்டா தார் சூடு தாங்குமா?

வேண்டுதல் அவரவர் மனசு. அதில் நான் வாய் திறப்பதில்லை. காலுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் மதியத்தில் தார் 50 டிகிரியைத் தாண்டும். சாக்ஸ் அந்தச் சூட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் தடுக்காது. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிறுத்தி, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி நடப்பவர்கள்தான் பாதத்தோடு போய்ச் சேர்கிறார்கள். இருட்டில் நடக்கும்போது கையில் விளக்கும் உடையில் ஒளிபடும் பட்டையும் கட்டாயம்.

இங்கேதான் பருத்திக்கு வேலை வருகிறது. தார்ச்சாலை எந்த சாக்ஸையும் ஒரே நாளில் தின்றுவிடும், விலையுயர்ந்ததைப் போட்டு வீணாக்காதீர்கள். துண்டுத்துணி போலத் தடித்த, மலிவான பருத்தி கலப்பு சாக்ஸ் நாலைந்து ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஷூ இல்லாததால் தடிமன் இடத்தை அடைக்காது, காற்றும் படும். அடிப்பக்கம் நூல் தெரிய ஆரம்பித்தால் உடனே மாற்றுங்கள். கல் துகள் நூலில் சிக்கி உள்ளங்காலை அரிக்கும், அதனால் நிற்கும்போதெல்லாம் புறம் திருப்பித் தட்டுங்கள். வழியில் அன்போடு காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஈர சாக்ஸோடு சூட்டுத் தாரில் ஏறாதீர்கள். ஊறிய தோல் சூட்டில் உரிந்துவிடும். கிளம்பும் முன் டிடி ஊசி போட்டு வெகுகாலம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

மழையில நனைஞ்சுட்டா? தண்ணி புகாத சாக்ஸ் வாங்கலாமா?

நம் வெப்பத்துக்கு அது வேண்டாம். வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே ஊறும் வேர்வையும் போதுமான வேகத்தில் வெளியே போகாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்து உள்ளே இறங்கிவிட்டால் வெளியேற வழியும் இல்லை. மழை பெய்கிற வரை நனைந்தபடியே நடங்கள், விட்டதும் நின்று துடைத்து மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரை நடை போகிறவர்களுக்குக் களிமண் அப்பிய சாக்ஸ்தான் வாய்க்கும். அதைப் பம்புசெட்டில் அலசிப் பிழியாமல் மறுபடி போடக்கூடாது, காய்ந்த மண் தோலைச் சீவிவிடும்.

நாள் முழுக்க ஈரத்தில் கிடந்த காலில் சேற்றுப்புண் வரும். விரல் இடுக்கு வெளுத்து அரித்தால் பூஞ்சைக்கான களிம்பை மருந்துக் கடையில் கேட்டுத் தடவ ஆரம்பியுங்கள். காலில் காயமோ வெடிப்போ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் புகும். நடை முடிந்த ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாஸ்லின், பவுடர், தேங்காய் எண்ணெய், இதுல எது?

வாஸ்லினும் எண்ணெயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வழுக்கலாக வைக்கும். அப்புறம் சாக்ஸ் அதைக் குடித்துவிடும், தோல் மென்மையாகி முன்பைவிட மோசமாகும். தடவினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடைத்துத் தடவவேண்டும். பவுடர் காய்ந்த காலுக்கு நல்லது, வேர்த்த காலில் கட்டியாகி மணல் போல உறுத்தும். இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் காகித டேப். உங்களுக்கு எந்த இடத்தில் வழக்கமாகக் கொப்புளம் வருமோ அங்கே, கிளம்பும் முன்பே, காய்ந்த தோலில் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு சாக்ஸ் போடுங்கள்.

கொப்புளம் வந்தாச்சு. குத்தி விடட்டுமா?

சின்னதாக, வலிக்காமல் இருந்தால் தொடாதீர்கள். நடுவில் ஓட்டை வெட்டிய பஞ்சு வளையத்தை அதைச் சுற்றி ஒட்டி, காய்ந்த சாக்ஸ் போட்டு நடங்கள். பெரிதாகி நடக்கவே முடியவில்லை என்றால் சோப்பால் கழுவி, மருந்துக் கடைப் புது ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நீரை மெல்ல அழுத்தி எடுங்கள். மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் இயற்கை கட்டிய கட்டு. களிம்பு தடவிக் கட்டுப் போடுங்கள். நூலைக் கோத்து உள்ளேயே விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கிருமிக்கு வழி போட்டுக் கொடுப்பது.

ரத்தம் கட்டிய கொப்புளத்தைக் குத்தவே வேண்டாம். சுற்றிலும் சிவந்து பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நடையை நிறுத்திப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். மிச்சத் தூரத்தை பஸ்ஸில் போனால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்பாவுக்குச் சுகர். நடக்கணும்னு பிடிவாதமா இருக்கார். என்ன சாக்ஸ் வாங்கித் தர்றது?

சாக்ஸுக்கு முன்னால் டாக்டர். பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது, ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. அவர் சந்தோஷமாக நடந்துகொண்டே இருப்பார், உள்ளே புண் பெருகிக்கொண்டிருக்கும்.

டாக்டர் சரி என்றால், உள்தையல் இல்லாத, மேல் பட்டை இறுக்காத, வெள்ளை அல்லது வெளிர் நிற சாக்ஸ் வாங்குங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். சாக்ஸ் கழற்றிய பிறகு காலில் பட்டையின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் அது அவருக்கு ஆகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் பார்த்தால் போதாது, கூட வருகிறவர் உள்ளங்காலைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். கால் வீக்கத்துக்கும் நரம்புச் சுருளுக்கும் போடும் அழுத்த சாக்ஸை யாரோ சொன்னார்கள் என்று போடவேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது கெடுதல் செய்யும்.

புது சாக்ஸைக் கிளம்புற அன்னிக்குப் போட்டா நல்லதுதானே, காலுக்கு மெத்துனு இருக்கும்?

வேண்டாம். ஒரு முறை துவைத்து, நடக்கப்போகும் அதே ஷூவில் போட்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். எங்கே உறுத்துகிறது என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு துவைச்சாலும் நாறுது. சீக்கிரம் தொளதொளனு ஆயிடுது. எப்படித் துவைக்கிறது?

புறம் திருப்பித் துவைக்கவேண்டும். தோல் துகளும் வேர்வையும் உள்பக்கம்தான் இருக்கின்றன. வெந்நீர், பிளீச்சிங், துணியை மென்மையாக்கும் திரவம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அந்தத் திரவம் நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்து ஈரம் கடத்துவதைக் கெடுக்கும். கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் எலாஸ்டிக்கை அறுக்கும், தொளதொளப்புக்கு அதுதான் காரணம். கையால் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காற்றோட்டமாகக் காயப் போடுங்கள். நாற்றம் போகாத பாலியஸ்டரை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அலசினால் குறையும். மெரினோவுக்குக் கறை நீக்கும் என்சைம் சேர்த்த சலவைத்தூள் ஆகாது. புரதக் கறையைத் தின்னும் அந்த என்சைம் ரோமத்தையும் தின்னும், அதுவும் புரதம்தானே.

ஒரு ஜோடி எவ்வளவு தூரம் உழைக்கும்? ஓட்டையைத் தைச்சுப் போடலாமா?

நூலையும் பாதத்தையும் பொறுத்தது. ஓட்டை விழும் வரை காத்திருக்காதீர்கள். குதிகாலில் வெளிச்சம் தெரிகிற அளவு மெலிந்துவிட்டால், பட்டை பிடிப்பு விட்டுவிட்டால், நெடுநடையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுங்கள். கடைவீதிக்குப் போடலாம். பெருவிரல் பக்கமே எப்போதும் கிழிகிறது என்றால் நகத்தைப் பாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நேராக வெட்டி முனையை அராவிவிட்டால் சாக்ஸின் ஆயுள் நிறையக் கூடும். ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்தால் ஷூவின் உட்பக்கம் விரலால் தடவுங்கள், துணி கிழிந்து பிளாஸ்டிக் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும்.

தைத்த சாக்ஸ் நெடுநடைக்கு ஆகாது, முடிச்சு உறுத்தும். ஆயுளுக்கும் உத்தரவாதம் தரும் கம்பெனிகள்கூட இருக்கின்றன, அமெரிக்காவின் டார்ன் டஃப் அப்படி ஒன்று. கிழிந்ததை இங்கிருந்து அனுப்பி மாற்றுவது எளிதல்ல, அந்த உத்தரவாதத்துக்காக மட்டும் அவ்வளவு விலை கொடுக்கவேண்டாம்.

இதே சாக்ஸோட மலைக்கும் போகலாமா?

குரங்கணி, ஏற்காடு மாதிரிப் பகல் நடைக்குப் போகலாம். இறங்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னே தள்ளப்படும், அதனால் விரல் முனையில் கொஞ்சம் மெத்து உள்ளதாக எடுங்கள். ராத்திரியில் ஏறும் வெள்ளியங்கிரியிலும் குளிர்கால மூணாறு பக்கமும் மெரினோ காசுக்கு வேலை செய்யும். நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பைத் தரும் நூல் அது. இமயமலைக்குப் போகிறவர்கள் தூங்குவதற்கென்றே ஒரு தடித்த ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளவேண்டும்.

மழைக்கால வால்பாறைக்கு, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைத் தடுக்கும் அட்டை சாக்ஸ் வேறு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்து, மேலே கயிறு வைத்திருப்பார்கள். வழக்கமான சாக்ஸின் பின்னல் இடைவெளியில் அட்டை புகுந்துவிடும், இதில் முடியாது. உள்ளே உங்கள் மெல்லிய சாக்ஸ், பேன்ட்டின் கால் முனையையும் உள்ளே விட்டு, அதற்கு மேல் இதை மாட்டி முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளுங்கள். ரொம்ப இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப்போகும்.